புறா அறுத்தால் பக்கவாதம் போகுமா?

"ஐயா, வெள்ளைப் புறாவா, சாம்பல் புறாவா... எதைக் கொடுத்தா கை வரும்?"

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. முதல் நாள் விடியற்காலையில் கணவருக்கு வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணிவிட்டது. வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு புறா வாங்கி அறுத்து, சூடு ஆறாத ரத்தத்தைக் கை காலில் தேய்த்திருக்கிறார்கள். சூப்பு வைத்து வாயிலும் ஊற்றியிருக்கிறார்கள். அவருக்கு விழுங்க முடியவில்லை. பாதி புரையேறி, இருமலோடு மறுநாள்தான் என்னிடம் வந்தார்கள். உடனே 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் பிழைத்தார். கை இன்றுவரை முழுசாக வரவில்லை.

'சித்த வைத்தியரே இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாரே' என்று அவர்கள் முணுமுணுத்தது என் காதில் விழத்தான் செய்தது. மூளையின் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்கு அடைப்பல்ல, ரத்தக் கசிவு. எது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். நாடி பிடித்து என்னால் சொல்ல முடியாது. தைலம், தொக்கணம், வர்மம் எல்லாம் எங்களிடம் உண்டு. ஆனால் அவை ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகு.

பின் ஏன் இந்த நம்பிக்கை? சிலருக்குக் கை கால் மரத்துப்போய், சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ தானே சரியாகிவிடும். அந்தப் பெயர் புறாவுக்குப் போய்விடுகிறது! உண்மையில் அது பெரிய தாக்குதலுக்கான முன்னெச்சரிக்கை. அப்போதும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அப்படியானால் புறாக் கறி வேண்டாமா? மருந்தாக வேண்டாம். உணவாக என்றால் பேசலாம். சோழர்களின் முன்னோர் என்று சொல்லப்படும் சிபிச் சக்கரவர்த்தி புறாவைத் தராசில் வைத்தார் அல்லவா? நாமும் வைத்துப் பார்ப்போம்.

கோபுர மாடங்களில் இருக்கும் மாடப்புறா சுமார் 300 கிராம். இறகும் குடலும் போனால், எலும்போடு 200 கிராம்கூடத் தேறாது. மொட்டைமாடிகளில் வளர்க்கும் கர்ணப்புறாவும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். பந்தயத்துக்குப் பறக்கும் ஹோமர் 400 முதல் 500 கிராம் வரும். பறந்து பறந்து சதை இறுகியிருக்கும். விசிறிவால் புறா அழகுக்கு மட்டும். கறிக்கென்றே அமெரிக்காவில் உருவாக்கிய இனம் கிங். வளர்ந்தது முக்கால் கிலோவைத் தொடும். ரன்ட் என்ற இனம் ஒரு கிலோவையும் தாண்டும், ஆனால் குஞ்சு பொரிப்பதில் மந்தம். எடை மட்டும் பார்த்து ஜோடி வாங்கியவர்கள் ஏமாந்துபோவது இதில்தான்.

இறகின் நிறத்துக்கும் கறியின் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளைப் புறாவுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இனத்தைவிட முக்கியம் வயது. தாய், தகப்பன் இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கும் 'புறாப்பாலை' ஊட்டுவதால் குஞ்சு மளமளவென்று வளரும். நாலு வாரத்தில், பறக்கத் தொடங்கும் முன், கறி பஞ்சு மாதிரி இருக்கும். பறந்த பிறகு நார்தான். கறி கருஞ்சிவப்பாக இருப்பது பறக்கும் தசையின் இயல்பு. அதில் இரும்புச்சத்தும் உண்டு. குஞ்சின் தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் என்பதால் தோலை உரித்துவிடுங்கள். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்கள் தொடவே வேண்டாம்.

முட்டை? எந்த இனமானாலும் ஒரு தடவைக்கு இரண்டேதான். கிங் முட்டை கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பொதுவாக ஒன்று 20 கிராமுக்குள் இருக்கும். கோழி முட்டையோ 50 கிராமுக்கு மேல்! 17, 18 நாள் அடைகாத்துக் குஞ்சாக வேண்டியதை எடுத்துத் தின்பது லாபமும் இல்லை. சின்ன முட்டைதான் வேண்டுமென்றால் காடை முட்டை இருக்கிறதே, ஒரு காடை வருஷத்துக்கு 250-க்குக் குறையாமல் இடும்.

கோபுரப் புறாவைப் பிடித்துவந்து சமைப்பவர்களும் உண்டு. நம் டெல்டாவில் அது களத்து நெல்லை மட்டுமா தின்கிறது? பூச்சிமருந்து கலந்த விதையையும் பொறுக்கும். மணிப்புறா, பச்சைப்புறாவைப் பிடிப்பதோ 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் கூண்டு வைத்தால் காய்ந்த எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்துமாக்காரர்கள் கூண்டுப் பக்கமே போக வேண்டாம்.

அந்தம்மா போன மாதமும் வந்தார். "இப்ப சூப்பு கொடுக்கலாமா ஐயா?" என்றார். விழுங்குவதில் சிரமமில்லை என்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். "வளர்ப்புக் குஞ்சா வாங்கும்மா. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நல்லா வேகவிடு. உப்பு பாதிதான். உட்கார வெச்சுக் கொடு, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே" என்றேன்.

"வெள்ளைப் புறாவா ஐயா?" என்று மறுபடியும் கேட்டார்.