தோட்டத்துச் சாளைக்கு டெரியர் நாய்: வளர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர், பட்டணம் பக்கம் இன்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நாய் என்பது வெறும் செல்லப் பிராணி அல்ல. ஒரு பக்கம் நகரம் நெருங்கி வந்துவிட்டது. மறுபக்கம் பிள்ளைகள் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட, பல சாளைகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். தனித் தோட்ட வீடுகளில் இருந்த முதியவர்கள் தாக்கப்பட்ட செய்திகள் கடந்த சில ஆண்டுகளில் கொங்குப் பகுதியையே உலுக்கின. இதனுடன் மாட்டுத்தீவன மூட்டையைக் கடிக்கும் எலியும், வரப்பைக் குடையும் பெருச்சாளியும் சேர்ந்துகொள்கின்றன. இதனால் உருவத்தில் சிறிய, சுறுசுறுப்பான, எலி பிடிக்கும் டெரியர் வகை நாய்களைப் பற்றி விவசாயிகள் விசாரிக்கிறார்கள். அந்த நாய் உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா, வாங்கினால் எப்படி வளர்ப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

டெரியர் என்றால் என்ன?

மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. வளைக்குள் புகுந்து எலி, நரி போன்றவற்றை விரட்டுவதற்காகப் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட நாய்கள் இவை. இதில் பல இனங்கள் உண்டு. ஃபாக்ஸ் டெரியரும் ஜாக் ரசல் டெரியரும் நம்மிடம் ஓரளவு பெயர் தெரிந்தவை. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜான் ரசல் (1795–1883) என்ற பாதிரியார் வளர்த்தெடுத்ததால் அந்த இனத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

பழைய எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் நிப்பர். அதுவும் டெரியர் வகை நாய்தான். வீட்டுக்கு வருபவர்களின் காலைக் கவ்வும் பழக்கத்தால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். டெரியரின் குணத்தை அந்த ஒரு பெயரே சொல்லிவிடும்.

வளர்ந்த ஜாக் ரசல் 5 முதல் 8 கிலோ எடை இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 13 முதல் 16 ஆண்டுகள் வரை வாழும். அதாவது இன்று நீங்கள் தூக்கி வரும் குட்டி, உங்கள் வீட்டில் முதல் வகுப்புப் படிக்கும் குழந்தை கல்லூரி முடிக்கும் வரை உடன் இருக்கும். அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

பெயரில் டெரியர் இருக்கிறது என்பதற்காக பிட்புல் டெரியரை இதனுடன் சேர்த்துப் பார்க்காதீர்கள். அது நாய்ச் சண்டைக்காக உருவாக்கப்பட்ட இனம். ஆடு, மாடு, குழந்தைகள் இருக்கும் தோட்டத்துக்கு அது வேண்டாம்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

காவல்: டெரியருக்குக் காது கூர்மை. கேட்டுக்கு வெளியே ஆள் நடந்தாலே குரைத்துவிடும். ஆனால் 7 கிலோ நாய் ஆளைத் தடுத்து நிறுத்தாது. அது வீட்டில் இருப்பவர்களை எழுப்பிவிடும் மணி மட்டுமே. முதியவர்கள் தனியாக இருக்கும் சாளையில் ஒரு டெரியரோடு ஒரு நாட்டு நாயும் இருப்பது நல்லது. சின்னது சத்தம் போடும், பெரியது எதிர்த்து நிற்கும். வாசல் விளக்கு, உறுதியான தாழ்ப்பாள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் போன் எண் ஆகியவற்றுக்கு எந்த நாயும் மாற்று ஆகாது.

எலி: கட்டுத்தறி, தீவன அறை, தட்டுப்போர் அடி, வரப்பு ஆகிய இடங்களில் எலியையும் பெருச்சாளியையும் மோப்பம் பிடித்துத் தோண்டும். ஆனால் தென்னை மரத்தின் மேல் இருந்துகொண்டு குரும்பையில் ஓட்டை போடும் எலியை நாயால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மரத்தில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை அடிப்பதும், கொண்டையைச் சுத்தமாக வைப்பதும்தான் வழி. வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. நாய் இவற்றுக்குத் துணை மட்டுமே.

பட்டிக் காவல்: காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இறந்த ஆடுகளோடு போராட்டம் நடத்தியதும் தெரிந்த செய்தி. அந்த வேலைக்கு டெரியரை நம்பாதீர்கள். கூட்டமாக வரும் நாய்களின் முன்னால் அது உயிரை விட்டுவிடும். பட்டிக்கு உயரமான கம்பிவலையும் பெரிய காவல் நாயும்தான் தேவை.

குட்டி வாங்கும்போது

8 வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். முடிந்தால் தாயை நேரில் பாருங்கள். தாய் கோபக்காரியாகவோ பயந்தாங்கொள்ளியாகவோ இருந்தால் குட்டியும் அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம். கண்ணில் பீளை, வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு இருந்தால் வேண்டாம். தூய இனம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

எலி பிடிப்பதற்குத் தூய இனம் அவசியம் இல்லை. உங்கள் ஊரிலேயே சின்ன உருவமுள்ள நாட்டு நாய்க்குட்டி கிடைத்தால், கீழே சொல்லும் எல்லாப் பழக்கத்தையும் அதற்கும் கொடுக்கலாம். வெயிலையும் அது நன்றாகத் தாங்கும்.

முதல் 3 மாதப் பழக்கம்

டெரியருக்கு ஓடுவதை விரட்டும் குணம் பிறவியிலேயே உண்டு. எலிக்கும் கோழிக்குஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டை நாம்தான் சொல்லித்தர வேண்டும். குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தினமும் 10 நிமிடம் கோழி, ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே உட்காருங்கள். பாயாமல் இருந்தால் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுங்கள். பாய்ந்தால் அடிக்காமல் அங்கிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். இப்படி பழக்கினாலும், கோழிக்குஞ்சுகளோடு தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மாட்டின் பின்னங்காலுக்கு அருகில் போகவிடாதீர்கள். ஒரே உதையில் குட்டி போய்விடும்.

குட்டிக்குப் பல் முளைக்கும் காலத்தில் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குதறும். கடிப்பதற்குக் காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டோ கெட்டிக் கயிறோ கொடுங்கள். மஞ்சள் பாத்தி, நாற்றங்கால் இவற்றைத் தோண்டினால் திட்டிப் பயன் இல்லை, தோண்டுவதற்காகவே பிறந்த இனம் அது. தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி, அதற்குள் கடலை மிட்டாய் அளவு உணவுத் துண்டுகளைப் புதைத்து வையுங்கள். சில நாட்களில் அங்கேயே தோண்டப் பழகிவிடும்.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்பது பழமொழி. டெரியருக்கு வேலை கொடுக்காவிட்டால் அது தானே ஒரு வேலை தேடிக்கொள்ளும். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்காது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் ஓயாமல் குரைக்கும், கடிக்கவும் பழகும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி உங்களோடு தோட்டத்தைச் சுற்றி வரட்டும். மோட்டார் போடப் போகும்போது கூட்டிப் போனாலே போதும். சிங்காநல்லூர் குளத்துப் பக்கமோ நொய்யல் கரையிலோ போவதானால் கயிறு கட்டாயம். அங்குள்ள நீர்ப்பறவைகளை விரட்டவிடக் கூடாது. மயிலைக் கடித்தால் வனத்துறை நடவடிக்கையும் வரலாம், மயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை.

தீவனமும் தண்ணீரும்

7 கிலோ எடையுள்ள, ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி தேவை. வீட்டுச் சாப்பாட்டில் சொல்வதானால் 200 கிராம் சோறு அல்லது அதற்கு ஈடான ராகிக் களி, ஒரு அவித்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 100 கிராம். இதைக் காலை, மாலை என இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். கொஞ்சம் பூசணியும் கேரட்டும் சேர்க்கலாம். நீண்ட காலம் வீட்டுச் சாப்பாடு மட்டும் கொடுப்பவர்கள் கால்சியம் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 3 மாதம் வரை குட்டிக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவை கூடவே கூடாது. வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் அதில் அடங்கும்.

ஆடு அறுக்கும் நாளில் குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடும் வழக்கம் பல ஊரில் உண்டு. அதை இன்றோடு நிறுத்துங்கள். ஆட்டின் உறுப்பில் இருக்கும் நீர்க்கட்டி மூலம் நாடாப்புழு நாயின் குடலில் வளரும். நாயின் சாணத்தில் வரும் முட்டை மீண்டும் ஆட்டுக்கும், கை வழியாகக் குழந்தைக்கும் போகும். மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் அந்தக் கட்டி வளர்ந்தால் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். நாய் உடம்பால் வியர்த்துச் சூட்டைத் தணிக்காது, மூச்சிரைத்துத்தான் தணிக்கும். எச்சில் ஒழுக வேகமாக இரைத்துத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, காற்று படவிட்டு, உடனே மருத்துவரிடம் தூக்குங்கள்.

தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்

6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி. 3 முதல் 4 வாரம் கழித்து மறு ஊசி. 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் மருத்துவர் சொல்லும்படி. குடற்புழு மருந்து 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை. குட்டி போட வைக்கும் எண்ணம் இல்லை என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். வேண்டாத குட்டிகளை ரோட்டோரம் விடுவதில் இருந்துதான் அடுத்த தெருநாய்க் கூட்டம் தொடங்குகிறது.

எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி மிக முக்கியம். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் இருந்து இந்நோய் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீர் வழியாக உங்களுக்கும் வரும். நாய் பிடித்த எலியைத் தின்னவிடாதீர்கள். வெறும் கையால் தொடாமல் மண்வெட்டியால் எடுத்து ஆழமாகப் புதையுங்கள்.

வெறிநோய் விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் வேண்டாம். 1900இல் வடக்கே கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. நமக்கு அருகில் குன்னூரில் 1907இல் வந்தது. அதற்கு முன் இங்கே நாய் கடித்தவர்கள் ஊசிக்காக இந்தியாவின் மறுகோடிக்குப் போக வேண்டிய நிலை. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக ஊசி கிடைக்கிறது. எந்த நாய் கடித்தாலும், அது உங்கள் சொந்த நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே போய் ஊசி போடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் முடியுங்கள். நோய் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற முடியாது.

தோட்டத்தில் காத்திருக்கும் ஆபத்துகள்

எலி மருந்து: நாய் வளர்க்கும் தோட்டத்தில் எலி விஷம் வைக்கவே கூடாது. துத்தநாக பாஸ்பைடுக்கு முறிவு மருந்து கிடையாது. புரோமடியலோன் சாப்பிட்டால் சில நாள் கழித்துத்தான் ஈறில், மூக்கில் ரத்தம் வரும். அதற்கு வைட்டமின் கே1 ஊசி உண்டு, தாமதம் செய்தால் பயன் இல்லை. விஷம் தின்று செத்த எலியை நாய் தின்றாலும் ஆபத்துதான். பக்கத்துத் தோட்டத்தில் விஷம் வைக்கிறார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

பாம்பு: வளையில் மூக்கை நுழைக்கும் நாய்க்கு முகத்திலும் முன்னங்காலிலும்தான் கடி விழும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து நாய்க்கும் போடப்படுகிறது. உங்களுக்கு அருகில் எந்த கால்நடை மருத்துவமனையில் அது இருக்கிறது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

உண்ணி: வாரம் ஒருமுறை காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டை அடியில் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சாப்பிடாது, ஈறு வெளுக்கும். மாட்டுக்கு வைத்திருக்கும் உண்ணி மருந்தை நாய்க்கு அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள்.

மருந்து அடித்த வயலுக்குள் அன்று நாயை விடாதீர்கள். காலி டப்பாவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது.

முடிவு எடுக்கும் முன்

ஒரே ஒரு கேள்வியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்: தினமும் ஒரு மணி நேரம் இதற்கு யார் கொடுப்பார்கள்? வெளியூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய், மூட்டு வலியோடு இருக்கும் அம்மா டெரியரின் பின்னால் ஓட முடியாது. அந்த வீட்டுக்கு 3 வயதைக் கடந்த, நிதானமான ஒரு நாட்டு நாயே நல்ல துணை. நடக்கத் தெம்பு உள்ளவர்கள், பள்ளி விட்டு வந்து விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு டெரியர் பொருந்தும். கட்டுத்தறியில் பால் கறக்கும்போது காலடியில் வந்து படுக்கும், ராத்திரி கேட் பக்கம் சத்தம் கேட்டால் முதலில் எழும்.

அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அதையும் அருகிலுள்ள கால்நடை மருந்தக எண்ணையும் தீவன அறைக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.