கிளட்ச் பெடல் மேலே வரவில்லையா? குழாயில் காற்று இருக்கிறது!

"தம்பி, தூங்கிட்டியளா? கொஞ்சம் வந்து கிளட்ச் மிதிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. எங்கள் சால் வாசலில் நின்று இப்படி அழைத்தவர் பக்கத்து அறை அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையில் இருந்து மும்பைக்கு வந்து, பல ஆண்டுகளாக டாக்சி ஓட்டிப் பிழைப்பவர். பழைய இன்னோவா ஒன்று அவருக்குச் சொந்தம். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு ஒரு குடும்பத்தைச் சீரடிக்கு அழைத்துப் போக வேண்டும். முன்பணமும் வாங்கிவிட்டார். வண்டியோ கியர் விழாமல் தெருவில் நிற்கிறது.

நான் ரயில்வே குமாஸ்தா. கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கிளட்ச் மிதிக்க ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, கால் இருந்தால் போதும் என்றார் அண்ணாச்சி. போனேன். அன்று இரவு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிரைவர் தொழிலில் இருக்கும் நம்மவர்களுக்கு உபயோகப்படும்.

கியர்பாக்சை இறக்கணுமாம்!

நடந்தது இதுதான். இரண்டு நாட்களுக்கு முன் வண்டியின் அடியில் எண்ணெய் கசிந்தது. பட்டறையில் பார்த்தார்கள். கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டரில் ரப்பர் போய்விட்டது என்று புது சிலிண்டர் மாட்டிக் கொடுத்தார்கள். மறுநாளே பெடல் பஞ்சு போல் ஆகிவிட்டது. மிதித்தால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. காலை எடுத்தாலும் எழுந்து வருவதில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகர என்று பல் உராயும் சத்தம்.

திரும்பப் போய்க் கேட்டால், "கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. கியர்பாக்சை இறக்க வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அண்ணாச்சியின் இரண்டு வார வருமானம் அது.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பிளேட் தேஞ்சா எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. என் வண்டி நல்லா இழுக்கு. கியர்தான் விழமாட்டேங்கு. அப்ப பிளேட் எப்படிப் போகும்?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். தேய்ந்த பிளேட், எஞ்சினைச் சரியாகப் பிடிக்காது. அண்ணாச்சியின் வண்டியிலோ கிளட்ச் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். பெடலை ஐந்தாறு முறை விடாமல் மிதித்தார். கொஞ்சம் கெட்டிப்பட்டது. கியரும் விழுந்தது. சற்று நேரம் விட்டால் பழையபடி பஞ்சு. "குழாயில காத்து இருக்கு தம்பி. அவசரத்துல ஏர் எடுக்காம அனுப்பிட்டாங்க" என்றார்.

காற்று செய்யும் வேலை

மாருதி 800 போன்ற வண்டிகளில் கிளட்சுக்குக் கம்பிக் கேபிள்தான். அவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. இன்னோவா போன்ற வண்டிகளில் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை அழுத்தும். அந்த அழுத்தம் குழாய் வழியாகக் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், ஒரு கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி போர்க்கைத் தள்ள, கிளட்ச் பிரியும்.

ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது. காற்று சுருங்கும். குழாயில் கொஞ்சம் காற்று நின்றாலும், நாம் மிதிக்கும் மிதி எல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். கீழே கம்பி பாதி தூரம்தான் நகரும். (ரயிலில் இதற்கு நேர் எதிர். அங்கே காற்றுதான் பிரேக். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நின்றால்தான் வண்டி புறப்படும்.)

சிலிண்டரை மாற்றக் குழாயைக் கழற்றும்போது ஆயில் வடிந்து காற்று உள்ளே புகுந்துவிடும். புது சிலிண்டருக்குள்ளும் காற்றுதான் இருக்கும். ஆகவே, ஸ்லேவ் மாற்றினால் காற்றை வெளியேற்றியே தீர வேண்டும். நம்மவர்கள் இதை 'ஏர் எடுப்பது' என்கிறார்கள். இங்குள்ள மெக்கானிக்குகள் 'ஹவா நிகால்னா' என்பார்கள்.

மிதி... பிடி...

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் வண்டியை இறக்கினார் அண்ணாச்சி. வெறும் ஜாக்கியை நம்பியோ, செங்கல் அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது என்று எச்சரித்தார்.

பிறகு ஆயில் குப்பியின் மூடியைத் திறந்து நிரப்பினார். மூடியில் எழுதியிருக்கும் ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும். அவர் வண்டிக்கு டாட் 3. எஞ்சின் ஆயிலோ வேறு ஆயிலோ ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்டை அரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அடியில் படுத்துக்கொண்டு, ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் ஒரு கண்ணாடி டியூபைச் செருகினார். டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கி இருந்தது. முனை மூழ்கி இருந்தால் காற்று திரும்ப ஏறாது. குமிழி வருவதும் கண்ணுக்குத் தெரியும்.

என் வேலை, பெடலை மெதுவாக மூன்று முறை மிதித்து, கடைசி மிதியில் அப்படியே பிடித்துக்கொள்வது. அப்போது அவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். ஆயிலும் குமிழியும் பாட்டிலுக்குள் பாயும். பெடல் கீழே இறங்கும். அவர் நிப்பிளைப் பூட்டிய பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக எழாவிட்டால் கையால் தூக்கிவிட வேண்டும்.

சுலபம்தானே? அரை மணி நேரம் செய்தோம். குமிழி நின்றபாடில்லை!

தவறு என்னுடையது. கீழே இருந்து அவர் 'ம்' என்றால், பூட்டிவிட்டார் என்று நினைத்துக் காலை எடுத்தேன். அவரோ, திறக்கிறேன் என்பதற்கு 'ம்' என்றிருக்கிறார். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், வெளியேற்றிய காற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேர உழைப்பு வீண்.

அப்போதுதான் நம் லோக்கல் ரயில் நினைவுக்கு வந்தது. பின்னால் இருக்கும் கார்டு (2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர்) இரண்டு மணி அடிப்பார். மோட்டார்மேன் பதிலுக்கு மணி அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நாங்களும் அதுபோல் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் "பிடிச்சாச்சு" என்பேன். அவர் திறந்து மூடி, "பூட்டியாச்சு" என்பார். நானும் "பூட்டியாச்சு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் காலை எடுப்பேன். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஐந்து முறைக்கு ஒரு தடவை குப்பியைப் பார்த்து நிரப்பினோம். குப்பி வற்றினால் மேலிருந்து காற்று புகுந்து, முதலில் இருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். பாட்டிலில் விழுந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது.

கடைசிக் குமிழி

குமிழி குறைந்தது. ஆனால் பெடலில் இன்னும் கொஞ்சம் தொளதொளப்பு. காற்று மேலே ஏறும் குணம் உடையது. நிப்பிளோ கீழே இருக்கிறது. குழாயின் மேல் வளைவில் ஒரு குமிழி ஒளிந்திருக்கும் என்றார் அண்ணாச்சி.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நிப்பிளைப் பூட்டிவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினார், குழாயைக் கழற்றவில்லை. சிலிண்டரின் கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளினார். ஆயில் பின்வாங்கி மேலே ஏற, குப்பியில் 'குபுக்' என்று இரண்டு பெரிய குமிழிகள் வந்து உடைந்தன. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நானே பார்த்தேன். அந்த நேரத்தில் யாரும் பெடலைத் தொடக்கூடாது. தொட்டால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

சிலிண்டரைத் திரும்ப மாட்டி, இரண்டு முறை மிதித்துப் பார்த்தோம். பெடல் கெட்டியாக நின்றது. எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லை. மணி 11.

சில புது வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அவற்றில் இந்தக் கட்டைவிரல் வேலை நடக்காது. வெளியே உள்ள நிப்பிள் வழியாகத்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு காற்று எடுத்தும், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரைச் சந்தேகிக்க வேண்டும். டிரைவர் காலடியில் மேட்டைத் தூக்கி, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை நான் கவுண்ட்டரில் இருந்தபோது போன் வந்தது.

"தம்பி, கசாரா காட் ஏறி இகத்புரி வந்தாச்சு. ரெண்டாம் கியர், முதல் கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. இங்க வடாபாவ் சாப்பிடுதோம். ஆனா மாஸ்டர் பக்கம் லேசா ஈரம் தெரியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டுறாதீங்க!"