கனெக்‌ஷன் இருந்தா செலவு கம்மி... ஆனா கனெக்‌ஷன் வாங்கவே காசு இல்லைன்னா?

60,000 ரூபாய் போனை நாம எப்படி வாங்குறோம்? இஎம்ஐ! கையில் மொத்தமா பணம் இல்லாட்டியும், சம்பளச் சிலிப்பைக் காட்டினா வேலை முடிஞ்சுது. ஆனா தினக்கூலிக்குப் போற ஒரு குடும்பம் பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கணும்னா, பெரும்பாலும் மொத்தமா கட்டணும். அங்கதான் சிக்கல்.

இல்லாதவங்களுக்குத்தான் செலவு அதிகம்

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். தொகை ஊருக்கு ஊர் மாறும்.

- செப்டிக் டேங்க் லாரிக்கு 2 மாசத்துக்கு ஒருமுறை 1,500 ரூபாய். 5 வருஷத்துக்கு 45,000 ரூபாய்.
- இணைப்புக் கட்டணம் ஒரே முறை 12,000 ரூபாய். அதுக்கு மேல வரி, மாதக் கட்டணம் தனி.

எது லாபம்னு அந்தக் குடும்பத்துக்கும் தெரியும். ஆனா 12,000 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்காது. அதனால லாரிக்கே காசு போகுது.

ஆலந்தூர் சொல்லும் பாடம்

1990-களில் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சியில் பாதாளச் சாக்கடை கிடையாது. ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தபோது, திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டாங்க. மக்கள் நம்பிக் கட்டினாங்க. அதாவது, நல்ல வசதிக்குப் பணம் கொடுக்க மக்கள் தயார். ஆனா அன்னைக்கு 5,000 ரூபாய் கூலிக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை.

தீர்வு: தொகையைப் பிரிங்க

சென்னைக் குடிநீர் வாரியம் 'இல்லந்தோறும் இணைப்பு' திட்டத்தில், இணைப்புக் கட்டணத்தை 5 வருஷத்தில் 10 தவணையாகக் கட்ட வழி செஞ்சுது. நம்ம உதாரணத்தில் 6 மாசத்துக்கு 1,200 ரூபாய், அதாவது மாசம் 200. லாரிச் செலவோ மாசம் 750! திருச்சியில் 'கார்டியன்' என்ற நுண்கடன் நிறுவனம் குடிநீர், கழிப்பறை வசதிக்குன்னே கடன் கொடுத்திருக்கு. கடன்னா வட்டி உண்டு, அதையும் கணக்கில் சேர்க்கணும்.

நீங்க என்ன செய்யலாம்?

1. ஊர்ல அப்பா அம்மா வீட்டுக்கோ, உங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா வீட்டுக்கோ இணைப்பு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா பகுதி அலுவலகத்தில் தவணை, சலுகை பத்தி இப்போதைய விதியை விசாரிச்சுச் சொல்லுங்க.
2. வீட்டுக்குள்ள பைப் போடுற பிளம்பர் செலவு தனி. பலர் இதை மறந்துட்டு பாதியில் நிக்கிறாங்க.
3. புரோக்கர் கையில் பணம் கொடுக்காதீங்க. ரசீது கட்டாயம்.
4. முடிஞ்சா அந்த அக்காவுக்கு வட்டியில்லாம முன்பணம் கொடுங்க. லாரிக்குப் போற காசுல மாசாமாசம் கொஞ்சம் திருப்பித் தரட்டும்.

முழுக் கணக்கையும் வீடியோவில் போட்டுக் காட்டியிருக்கேன், பாருங்க. உங்க ஊர்ல இணைப்புக்கு எவ்வளவு ஆச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க!