மண்ணைக் கேட்டால் - 17: ஜிப்சம் போட்டாச்சு, வடிகால் வெட்டியாச்சா?

ஆவுடையார்கோயில், மணமேல்குடி பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. காவிரித் தண்ணீர் அங்கே வந்து சேர்வதே வருஷத்துக்கு வருஷம் நிச்சயமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் மற்ற இடங்களிலோ கண்மாயும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. அப்படிப்பட்ட ஊரில் போய், “வயலில் தேக்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்” என்றால் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் களர் நிலத்தைத் திருத்தும் வேலையில் பாதி அந்த வடிப்பில்தான் இருக்கிறது. மீதிப் பாதி ஜிப்சம்.

ஜிப்சத்தை இங்கே கடலை விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை வட்டாரங்களில் மண் அணைக்கும்போது போடுவார்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் சுண்ணாம்புச் சத்தைத் தாமே நேரடியாக உறிஞ்சுகின்றன. அது கிடைக்காவிட்டால் காய் பொக்காகும். கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கு உதவும். அந்தக் கதை அவ்வளவுதான். களர் நிலத்தில் இதே வெள்ளைப் பொடி செய்வது வேறு வேலை.

ஜிப்சம் என்பது நீரைத் தன் படிகத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியம் சல்பேட். பதமாகச் சுட்டால் அந்த நீரில் முக்கால் பங்கு போய் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகும். தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஜிப்சமாகவே இறுகும். எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கு, கட்டு இறுகும்போது கதகதவென்று சூடேறியது நினைவிருக்கும். சுடும்போது கொடுத்த வெப்பத்தை அது திருப்பித் தருகிறது. போன வழியே திரும்பி வரும் இத்தகைய வினைகளைத்தான் பள்ளிக்கூடத்தில் மீள்வினை என்று படித்தோம். லெ சாட்லியே என்ற பெயரைப் பரீட்சைக்காக உருப்போட்டவர்கள் பலர். அந்தப் பிரெஞ்சுக்காரர் 1880-களில் ஆராய்ந்தவற்றில் ஒன்று இந்தப் பிளாஸ்டர் எப்படி இறுகுகிறது என்பது. மீள்வினைகளைப் பற்றிய அவருடைய விதியும் அதே காலத்தில், 1884-ல் வந்தது.

இனி களர். அங்கேயும் நடப்பது ஒரு மீள்வினைதான். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் களர் மண்ணைப் போட்டு மழைத்தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். மறுநாள் பார்த்தாலும் டீ மாதிரிக் கலங்கியே நிற்கும். இன்னொரு டம்ளரில் அதே கலங்கல் நீர், கூட ஒரு சிட்டிகை ஜிப்சம். களித்துகள்கள் திரண்டு அடியில் படிய, மேலே நீர் தெளியும். முதல் டம்ளரில் துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருந்தது சோடியம். வயலிலும் அதே கதைதான்: துகள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும், தண்ணீர் இறங்காது, காய்ந்தால் பாளமாகும்.

களித்துகளை ஒரு டவுன் பஸ் என்று வையுங்கள். ஒரு கால்சியம் ஏறினால் இரண்டு சோடியம் இறங்க வேண்டும். இறங்கிய சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். இறங்கியவர்கள் பஸ் ஸ்டாண்டை விட்டு நகராவிட்டால்? திரும்ப ஏறிவிடுவார்கள். தேங்கிய நீர் வெயிலில் சுண்டும்போது நடப்பது இதுதான். கரைதிறன் குறைந்த ஜிப்சம் முதலில் படிந்துவிடும். நீரில் மிச்சமிருப்பது சோடியம். அது பழைய இடத்துக்கே போகும். மூட்டை மூட்டையாகக் கொட்டியும் “ஒண்ணும் கேக்கலீங்க” என்று சொல்கிற வயல்களில், நான் முதலில் தேடுவது வடிகாலைத்தான்.

வடிக்கும் முன் நீரைத் தேக்கவும் வேண்டும். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். ஒரு டன் கரைய நான்கு லட்சம் லிட்டர் வேண்டும். ஏக்கர் முழுக்க நான்கு அங்குலம் நீர் நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். களித்துகள் கால்சியத்தை இழுத்துக்கொள்ளக் கொள்ள இன்னும் கொஞ்சம் கரையும் என்பது உபரி லாபம்.

இறங்கிய சோடியம் திரும்ப ஏறுவதுபோல வினையே திசை திரும்பும் என்ற உண்மையை முதலில் கண்டுகொண்டவர் வேதியியலாளர் பெர்தொல்லே. 1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனவர். அங்கே ஏரிக்கரைகளில் சோடியம் கார்பனேட் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நம்மூர்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க அள்ளிவந்த உவர்மண்ணிலும் அந்தச் சரக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல்லும் உப்பும் வரும். ஏரியிலோ உப்பும் சுண்ணாம்புக்கல்லும் மலையாய்க் கிடந்ததால், வினை தலைகீழாக ஓடியிருந்தது. எது அதிகமாகக் குவிகிறதோ, அதுவே திசையைத் திருப்பிவிடும் என்றார் அவர்.

களரில் கந்தகத்துக்கு இன்னொரு திரும்பு பாதையும் உண்டு, இது மோசமானது. நீர் தேங்கி, தழையும் தாளும் அழுகினால், காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். அழுகிய முட்டை நாற்றம் வருவது ஹைட்ரஜன் சல்பைடால். சேறும் நெல் வேரும் கறுப்பது இரும்பு சல்பைடால். கந்தகம் இப்படி வாயுவாகப் போனபின் சோடியம், கார்பனேட்டாக அங்கேயே நிற்கும். எந்தக் களரைப் போக்க ஜிப்சம் வாங்கினோமோ, அந்தக் களரே மறுபடி! அதற்காகப் பசுந்தாள் உரம் வேண்டாம் என்றில்லை. தக்கைப்பூண்டு களருக்கு நல்ல மருந்து. வடிகால் இருக்கிற வயலில் போட வேண்டும்.

திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி களர் மண்ணிலேயே அமைந்தது. களரைத் தாங்கும் டிஆர்ஒய் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. நிலம் தேறும்வரை அந்த ரகங்கள் கைகொடுக்கும்.

இந்தக் கோடையில் ஜிப்சம் வாங்க நினைப்பவர்கள் முதலில் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பக்கத்து மண் பரிசோதனை நிலையத்திலோ மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வெறும் உவர், அதாவது உப்பு மட்டும் கூடிய மண் என்றால் ஜிப்சம் வேண்டாம். நல்ல தண்ணீர் விட்டு அலசி வடித்தால் போதும். களர்தான் என்றால், எவ்வளவு ஜிப்சம் என்பதை அறிக்கை சொல்லும். மூட்டைக்குக் காசு கொடுக்கும் முன் வடிகாலை வெட்டிவிடுங்கள். வடித்த நீர் கீழ்வயல்காரர் நிலத்திலோ, ஊர்க் கண்மாயிலோ போய்ச் சேராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)