ஹாம் ரேடியோ செய்யும் பிள்ளைகளுக்கு: எந்த வளையம் எந்த இடத்திற்கு?



ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் பெற்ற நம் பிள்ளைகள் சிலர், டிரான்ஸ்மிட்டரையும் தாங்களே செய்ய முற்படுகிறார்கள், மாஷா அல்லாஹ். 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது மக்களின் நலச்செய்திகளை வெளியே கொண்டு வந்ததில் ஹாம்களுக்குப் பெரிய பங்குண்டு. எனவே இதை வெறும் பொழுதுபோக்காக நாம் கருதவில்லை. (உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதே குற்றம் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்கவும்.)

சர்க்யூட் சரியாக இருந்தும் பவர் வராமல், செட் மட்டும் கொதிப்பதுண்டு. அப்போது முதலில் பார்க்க வேண்டியது கம்பி சுற்றும் வளையத்தை. வளையங்களில் இரு வகை உண்டு. எஃப்.டி 37-43 என்பதில் 'எஃப்.டி' ஃபெரைட் வளையத்தைக் குறிக்கும். 37 என்பது வெளி விட்டம், அதாவது 0.37 அங்குலம். 43 என்பது பொருளின் எண். 'எஃப்' இல்லாமல் டி 50-2 என்று வந்தால் அது இரும்புத்தூள் வளையம். சிவப்பு நிறத்தில் இருக்கும். பார்வைக்கு உடன்பிறப்புகள் போலத் தோன்றும் இவ்விரண்டின் குணமும் வேறு.

டிரான்சிஸ்டரையும் அடுத்த கட்டத்தையும் இணைக்கும் டிரான்ஸ்பார்மருக்கு ஃபெரைட் வேண்டும். சில சுற்றுகளிலேயே போதிய இண்டக்டன்ஸ் தருவதுதான் காரணம். 7 மெகாஹெர்ட்ஸில் 50 ஓம் பக்கத்திற்கு எஃப்.டி 37-43இல் 4 சுற்று போதும்.

ஆன்டெனாவுக்கு முன்னுள்ள ஃபில்டருக்கோ இரும்புத்தூள்தான். அங்கே 1.2 மைக்ரோஹென்றி தேவை என்று வைத்துக்கொள்வோம். டி 50-2இல் 16 சுற்று சுற்றினால் அது கிடைக்கும். அதே 16 சுற்றை எஃப்.டி 37-43இல் சுற்றினால் ஏறக்குறைய 90 மைக்ரோஹென்றி! ஃபில்டர் பாதையையே அடைத்துவிடும். ஃபில்டர் வேண்டாம் என்று கழற்றிவிட்டாலோ 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் நம் சிக்னல் கசிந்து, வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பதைக் கெடுக்கும். அலைவரிசை எல்லோருக்கும் பொதுவான அமானத். பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல் என்ற ஃபிக்ஹு விதி இங்கேயும் பொருந்தும் என்பதே நம் கருத்து.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய வளையங்கள் மலிவாகக் கிடைக்கும். அங்கேதான் ஏமாற்றம். கணினி பவர் சப்ளையில் வரும், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையான மஞ்சள் வளையம் 26ஆம் எண் பொருள். உயர் அலைவரிசைக்கு உகந்த மஞ்சள் நிற 6ஆம் எண் என்று நினைத்து அதை வாங்கி விடுகிறார்கள். 26ஆம் எண் நம் சக்தியை வெப்பமாக விழுங்கிவிடும். சி.எஃப்.எல் விளக்கில் கிடைக்கும் கறுப்பு வளையமும் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு என்றே செய்யப்பட்டது.

சந்தேகம் வந்தால் 10 சுற்று சுற்றி எல்.சி மீட்டரில் அளந்து பாருங்கள். எஃப்.டி 37-43 சுமார் 35 மைக்ரோஹென்றி காட்டும். டி 50-2 அரை மைக்ரோஹென்றிதான் காட்டும். டி 50-6 அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதே அளவுள்ள 26ஆம் எண் மஞ்சள் வளையமோ 3ஐத் தாண்டிவிடும்.

செய்து முடித்ததும் ஆன்டெனாவை மாட்டாமல், 50 ஓம் டம்மி லோடில் ஒரு நிமிடம் இயக்கி, மின்சாரத்தை அணைத்துவிட்டு வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைக்க முடியாவிட்டால் பெரிய வளையம் தேவை, அல்லது இரண்டை அடுக்கிச் சுற்ற வேண்டும். 43ஆம் எண் ஃபெரைட் 130 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் தன் காந்தத் தன்மையை இழக்கத் தொடங்கும். அதோடு டிரான்சிஸ்டரும் போய்விடும்.

வளையமே கிடைக்கவில்லை என்று சோர்ந்து போகவும் தேவையில்லை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் தம் பிட்எக்ஸ் கருவியின் முதல் வடிவத்தில் காயில் சுற்றப் பயன்படுத்தியது தண்ணீர்க் குழாயின் வாஷரைத்தான்! ஆனால் அது காயிலுக்கு மட்டுமே ஒத்துவரும். டிரான்ஸ்பார்மருக்கு ஃபெரைட்டைத் தேடித்தான் ஆக வேண்டும்.