ஒரே பாறை, இரண்டு மண்

கோவில்பட்டிப் பக்கம் மேட்டில் செவக்காடு கிடக்கும்; சற்றுத் தள்ளி, தாழ்ந்த நிலத்தில் கரிசல் தொடங்கிவிடும். கரிசல் என்றாலே எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. தென்தமிழகக் கரிசலுக்கு அடியில் எரிமலைப் பாறை இல்லை. பல இடங்களில் செம்மண்ணுக்கு அடியில் உள்ள அதே நைஸ் என்னும் பாறைதான்.

பிறகு எப்படி இரண்டு மண்? மேட்டில் விழுந்த மழை, பாறை சிதையும்போது வெளிப்படும் சுண்ணாம்பு, மக்னீசியம், சிலிக்கா ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. இரும்பு அங்கேயே தங்கித் துருவேறுகிறது. அதுதான் செம்மண்ணின் சிவப்பு. கரைந்து போனவை பள்ளத்தில் சேர்கின்றன. வெயில் அதிகம், வடிகால் குறைவு. அதனால் அங்கே ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம் உருவாகிறது. சுண்ணாம்பு சுக்கான் கட்டிகளாகத் திரள்கிறது.

பாறை மட்டும் மண்ணை ஆக்குவதில்லை. ரஷ்யாவின் கருமண்ணை ஆராய்ந்த தொக்குச்சாயெவ் 1883இல் வெளியிட்ட நூல் மண்ணியலுக்கு அடித்தளம் இட்டது. பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நில அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை ஆக்குகின்றன என்பது அவர் காட்டிய வழி. ரஷ்யக் கருமண்ணில் மக்கு ஏராளம். நம் கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு! உள்ள கொஞ்சமும் களியோடு இறுகப் பிணைந்திருப்பதே கறுப்புக்கு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

அமெரிக்க மண் வகைப்பாட்டு முறை உலக மண்ணை 12 பெருவகைகளாகப் பிரிக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்து அல்ல. குழி வெட்டி, அடுக்கடுக்காகப் பார்த்து. நம் செம்மண்ணில் பெரும்பகுதி ஆல்ஃபிசால், இன்செப்டிசால். அடுக்கு உருவாகாத புது வண்டல் என்டிசால். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் கண்டு, 1807இல் ஆய்வாளர் புக்கானன் பெயரிட்ட லேட்டரைட் வேறு கதை: கனமழையில் சிலிக்கா பெரும்பாலும் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி, வெட்டிக் காயவைத்தால் வீடு கட்டும் கல்லாகிவிடும்.

கரிசல் வெர்ட்டிசால் வகை. ஸ்மெக்டைட் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கம்பை விட்டால் இறங்கும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்பில் உதிர்ந்து விழும்; மழையில் உப்பும்போது அடிமண் மேலே தள்ளப்படும். உழவன் உழாமலே மண் தன்னைப் புரட்டிக்கொள்கிறது.

பருத்திக்குக் கரிசல் நல்லது, வீட்டுக்கு ஆகாது. கரிசலில் மனை வாங்குபவர்கள் மண் பரிசோதனை செய்து, உப்பிச் சுருங்கும் அடுக்குக்குக் கீழே அடித்தளம் இறங்குகிறதா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.