முதலில் சீட்டு, பிறகு வீடு

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வரும் குடும்பம் இரண்டு தேடல்களை ஒன்றாகத் தொடங்குகிறது. ஒன்று வீடு, மற்றொன்று பள்ளிக்கூடம். பெரும்பாலும் வீடுதான் முதலில் முடிவாகிறது. சாமான் லாரி வந்து நிற்க ஓர் இடம் வேண்டுமே! அட்வான்ஸ் கொடுத்துப் பால் காய்ச்சிய பிறகு, அக்கம்பக்கத்தில் எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்ற விசாரிப்பு ஆரம்பமாகிறது. பல வீடுகளில் பணம் கரைவது இந்த வரிசையினால்தான்.

சில நாடுகளில் இந்த வரிசைதான் முறை. அமெரிக்காவில் அரசுப் பள்ளி இடத்தைப் பெரும்பாலும் வீட்டு முகவரி தீர்மானிக்கிறது. நல்ல பள்ளி வட்டாரத்தில் வீட்டு விலையும் ஏறுகிறது. பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் 2.5 சதவீதம் கூடுதலாகத் தந்தது தெரியவந்தது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் போட்டி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு முன்னுரிமை. அந்த முன்னுரிமையில் இடம் பெற்றவர்கள் அதே முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் இருந்தாக வேண்டும்.

சென்னையில் கதை வேறு. மயிலாப்பூரில் குடியிருப்பதாலேயே மயிலாப்பூர்ப் பள்ளியில் இடம் கிடைத்துவிடாது. குரோம்பேட்டையில் இருப்பதால் அது மறுக்கப்படுவதும் இல்லை. தூரம் சட்டப்படி கணக்கில் வருவது முக்கியமாக ஓரிடத்தில்தான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை அருகில் வசிக்கும் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். வருமான அடிப்படையில் விண்ணப்பிப்போருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாடகை ஒரு பில், பள்ளிக் கட்டணம் வேறொரு பில். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிற குடும்பங்கள் குறைவு.

எழுதிப் பார்த்தால் என்ன ஆகும்? கூடுவாஞ்சேரிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 14,000 ரூபாய், நகரத்துக்குள் அதே அளவு வீட்டுக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வித்தியாசம் 1,32,000. புறநகரில் பிள்ளை படிக்கப்போவது தனியார் பள்ளி. கட்டணம் 60,000, வேனுக்கு 24,000, ஆக ஆண்டுக்கு 84,000. நகரத்தில் நடந்துபோகிற தூரத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இடம் கிடைக்கிறது. எல்லாம் சேர்த்து 6,000 ஆகிறது. ஒரே பிள்ளை என்றால் புறநகர் வீடு ஆண்டுக்கு 54,000 ரூபாய் மிச்சம் தருகிறது. இரண்டு பிள்ளைகள் என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது: நகர வாழ்க்கை 24,000 ரூபாய் மலிவு! அட்வான்ஸாக முடங்கும் தொகையின் வட்டியைக் கழித்தாலும் நகரத்தின் பக்கம் கொஞ்சம் மிஞ்சும்.

இந்தக் கணக்கு முழுவதும் தொங்குவது ஒரே ஆணியில். உதவிபெறும் பள்ளியில் சீட்டு கிடைக்க வேண்டும். அதை நம்பி நகரத்தில் வீடு பிடித்துவிட்டு, சீட்டு கிடைக்காமல் லட்ச ரூபாய்ப் பள்ளிக்குப் போகிற குடும்பம் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. ஆகவேதான் சீட்டு உறுதியான பிறகே அட்வான்ஸ் என்ற வரிசை.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய பழக்கம். 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பேரம் பேச உட்காரும்போது இது தெரிந்திருப்பது நல்லது. புரோக்கர் கமிஷன், மெயின்டெனன்ஸ், கோடையில் லாரித் தண்ணீர் ஆகியவையும் வாடகையோடு சேர்த்துக் கூட்டவேண்டியவை. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை மறந்துவிட்டு, வாடகை குறைவு என்பதற்காக மட்டும் தரைத்தள வீட்டுக்குச் சரி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ரூபாயில் எழுத முடியாத செலவு ஒன்று உண்டு. ஊரப்பாக்கம் தெருமுனையில் காலை ஆறே முக்காலுக்கு நிற்கும் யூகேஜி பிள்ளையைப் பார்த்தால் அது விளங்கும். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் பாதி தின்ற இட்லி. வேன் அங்கிள் வந்ததும் அம்மா அந்த இட்லியை வாங்கிக்கொள்கிறாள். பள்ளி என்னவோ பத்து கிலோமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் வேன் நேராகப் போவதில்லை. நான்கைந்து நகர்களைச் சுற்றி, ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஊர்ந்து போகிறது. முதலில் ஏறும் குழந்தை மாலையில் கடைசியாக இறங்குவதும் உண்டு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் 200 வேலை நாளில் 400 மணி நேரம் சாலையில் கழிகிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகிறார்கள். அன்று எல்லாப் பள்ளியும் பக்கத்தில்தான் இருக்கும்! திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அதே வழியில் ஒருமுறை போய்ப் பார்ப்பதே சரியான அளவுகோல். வாகனத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன.

இனித் தரம். பள்ளி வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனரில் 100 சதவீதத் தேர்ச்சி என்று இருக்கும். முதல் மதிப்பெண் பெற்றவர்களின் படங்கள் இருக்கும். அந்த எண்ணிக்கை சொல்லாதது நிறைய. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டால் தேர்ச்சி விகிதம் தானாக ஏறும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் பிரபலம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பேனரை விட நம்பகமான சாட்சிகள் வேறு இருக்கிறார்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். ஆண்டுதோறும் ஆள் மாறும் பள்ளியில் கட்டிடம் எவ்வளவு பளபளத்தாலும் பாடம் நிலைக்காது. நூலக அலமாரிக்குப் பூட்டு தொங்குகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். இடைவேளையில் வெளியே வரும் பிள்ளைகளின் நோட்டில் ஆசிரியரின் சிவப்பு மை இருந்தால் இன்னும் நல்லது.

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழு இருக்கிறது. அந்தத் தொகையும் பள்ளி கேட்கும் தொகையும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. பல இடங்களில் புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று தனித்தனி ரசீது நீள்கிறது. ஆகவே முழு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குவதே வழி. சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதையும், குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்து வடிகட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடைமுறை என்னவென்று பெற்றோருக்குத் தெரியும்.

இடம் மாறும் குடும்பங்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது உதவிபெறும் பள்ளிகளை. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, நிர்வாகம் தனியார் கையில். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சாந்தோம் பகுதிகளில் உள்ள பழைய பள்ளிகளில் பல இந்த வகை. ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிய வேண்டும். ஒரே வளாகத்தில் தமிழ்வழிப் பிரிவு அரசு உதவியிலும் ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியிலும் நடப்பதுண்டு. கட்டணம் பல மடங்கு மாறும். அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிப்பவர்கள், சேர்க்கை நாளில் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கலாம்.

அரசுப் பள்ளிக்கு இன்னொரு எடையும் சேர்ந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெறுவோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். சென்னைக்கு வந்த வேகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளையை ஓராண்டு மட்டும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தால், இந்த உரிமைகள் பல கைநழுவும். திரும்ப அரசுப் பள்ளிக்கு வந்தாலும் விட்டது விட்டதுதான்.

எந்த வகுப்பில் இடம் மாறுவது என்பதும் வாடகை அளவுக்கு முக்கியம். ஐந்து முடித்து ஆறு, எட்டு முடித்து ஒன்பது, பத்து முடித்து பதினொன்று. இந்த மூன்று சந்திகளில் மாறுவது எளிது. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வுக்கான பதிவு நடந்துவிடுவதால் பத்தாம் வகுப்பில் மாறுவது பெரும்பாடு. அப்படிப்பட்ட ஆண்டில் மாற்றல் வந்தால், அப்பா மட்டும் முன்னால் போய் மேன்ஷனில் தங்கி ஓராண்டு தள்ளுவதைப் பல குடும்பங்கள் செய்கின்றன. இரண்டு அடுப்பு எரிகிற செலவுதான். ஆனால் தவறான பள்ளியின் செலவை விடக் குறைவு. மத்திய அரசு ஊழியர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். கேந்திரிய வித்யாலயாவில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஊர் மாறினாலும் பாடத்திட்டம் மாறாது. டி.சி. வர நாளாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசு, உதவிபெறும் பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது.

வந்ததும் சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று எண்ணுவோர் பொறுத்திருப்பது நல்லது. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று வீட்டு விலையில் 9 சதவீதம் பத்திரப்பதிவிலேயே போகிறது. பள்ளி பிடிக்கவில்லை என்று இரண்டாம் ஆண்டில் வீட்டை விற்றால் அந்தப் பணம் திரும்பாது. வாடகை வீடு என்றால் ஒரு டெம்போ செலவோடு முடிந்தது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வாடகைப்படியிலும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திலும் வரிச்சலுகை உண்டு. புதிய முறையில் இரண்டும் இல்லை. கூடுதல் வாடகையின் உண்மையான சுமை இதனால் ஆளுக்கு ஆள் மாறும்.

வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பதினோரு மாதம். ஜூன் முதல் தேதி குடியேறினால் ஏப்ரல் கடைசியில், முழுப்பரீட்சை முடிகிற நேரத்தில் அது முடிகிறது. வசதியாகத் தோன்றும். ஆனால் நகரத்தின் தனியார் பள்ளிகளில் பல, அடுத்த ஆண்டுச் சேர்க்கையை டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடுகின்றன. அதனால் இந்த வீட்டில் நீடிப்பதா, பள்ளியை மாற்றுவதா என்ற பேச்சை, வீட்டுக்காரர் வாடகை ஏற்றுவதைப் பற்றி வாய் திறப்பதற்குப் பல மாதம் முன்பே, பொங்கலுக்குள் வீட்டில் பேசி முடித்துவிட வேண்டியிருக்கிறது.